க்யூ எண்ணிக்கையைக் குறைத்தால் மொத்தக் கணக்கும் குறைகிறது: டிரைவரில் கவுண்டர்களை எங்கே வைப்பது?

எட்டாம்_க்யூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு ஒரு எஃப்பிஜிஏ (உள்சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறது. கர்னல் 6.12. இன்னும் மெயின்லைனுக்கு (லினக்ஸின் அதிகாரபூர்வ மூல நிரலுக்கு) அனுப்பவில்லை, அனுப்பும் எண்ணம் உண்டு. கார்டில் பாக்கெட் வாங்க 8 ஆர்எக்ஸ் க்யூ, அனுப்ப 8 டிஎக்ஸ் க்யூ. ஒவ்வொரு க்யூவின் ரிங்குக்கும் (பாக்கெட் பஃபர்களின் சுற்று வரிசை) ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள்ளேயே பாக்கெட், பைட், ட்ராப் கவுண்டர்கள். ஈத்டூல் -எஸ் (கார்டின் கணக்கைக் காட்டும் கட்டளை) கேட்டால் அவற்றுக்குப் பெயர் போட்டு வரிசையாகக் கொட்டுகிறேன். ஐபி -எஸ் லிங்க் கேட்டால் இருக்கிற க்யூக்களையெல்லாம் ஒரு லூப்பில் கூட்டி மொத்தத்தைக் கொடுக்கிறேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் டெஸ்டிங் செய்பவர் ஒருவர் ஈத்டூல் -எல் போட்டு க்யூக்களை 8-இலிருந்து 4 ஆக்கினார். அவ்வளவுதான், மொத்த பாக்கெட் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. ஆனால் ப்ரொமீத்தியஸ் சேகரிக்கும் எண்களை வரைபடமாகக் காட்டும் கிராஃபனாவில் அதே நொடியில் ட்ராஃபிக் தென்னை மரம் மாதிரி உயர்ந்து நிற்கிறது! எண் விழுந்ததற்குக் கோடு ஏன் மேலே போக வேண்டும் என்று அன்று முழுக்க எனக்குப் புரியவில்லை. இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்தாலும் இதே கதைதான். ரிங்குகளை விடுவிக்கிறேன், மறுபடி ஒதுக்குகிறேன், எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

மேனேஜர் சொல்லும் வழி: "மொத்தத்தை நேராக மேக் ரெஜிஸ்டரிலிருந்து எடுத்துவிடு, அது குறையவே குறையாது." மேக் என்பது கார்டில் ஃபிரேம்களை வாங்கி அனுப்பும் ஹார்டுவேர் பகுதி, அதன் சொந்த எண்ணிக்கையைச் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மனசுக்கு ஒட்டவில்லை. இன்னொன்று, பெயர். டிஎக்ஸ்_க்யூ_0_பாக்கெட்ஸ் என்று வைத்திருக்கிறேன், மானிட்டரிங் குழுவோ டிஎக்ஸ்0_பாக்கெட்ஸ் என்று கேட்கிறது. இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை அவரவர் இஷ்டமா?

---

ரிங்பஃபர் எழுதியது:

முதலில் தென்னை மரத்தை வெட்டிவிடுவோம். கவுண்டர் என்றால் ஏறத்தான் செய்யும், இறங்காது என்பது ப்ரொமீத்தியஸின் நம்பிக்கை. இறங்கினால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, புது மதிப்பு முழுவதையும் அந்த இடைவெளியில் வந்த ட்ராஃபிக்காகக் கூட்டிவிடும். 90 கோடி 45 கோடியானால், இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் 45 கோடி பாக்கெட் வந்ததாகக் கணக்கு. கிராஃபனாவிடம் குறையில்லை, நீங்கள் கொடுத்த எண்தான் பொய்.

இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றுவது போன்ற வழக்கமான வேலைகளைத் தாண்டியும் ஸ்டாட்ஸ் நிலைத்திருக்க வேண்டும் என்று கர்னலின் ஆவணத்திலேயே இருக்கிறது. அதனால் மொத்தம் விழுவது சந்தேகமில்லாமல் பக். ஆனால் க்யூவின் எண் விழுவது அப்படியல்ல. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், நானும் குழம்பியவன்தான்.

க்யூ நிரந்தரமான பொருள் இல்லை. இன்று 8, நாளை 4, மறுநாள் யாராவது 16 கேட்பார்கள். இப்போது உயிரோடு இருக்கும் க்யூக்களைக் கூட்டினால் கார்டின் முழு வரலாறு வராது, வரவும் முடியாது. மளிகைக்கடை நோட்டில் பக்கம் திருப்பும்போது முதல் வரியில் "முன் இருப்பு" என்று எழுதுவார்களே, அது உங்கள் டிரைவரில் இல்லை. மூடிய க்யூக்களின் கணக்கு போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.

2024-இல் கர்னலில் சேர்ந்த க்யூ ஸ்டாட்ஸ் இன்டர்ஃபேஸ் இதை அப்படியே வடிவமாக வைத்திருக்கிறது. நெட்லிங்க் (கர்னலும் பயனர் நிரல்களும் பேசிக்கொள்ளும் பாதை) வழியாக வருவது, நெட்டெவ் ஃபேமிலிக்குள் க்யூஸ்டாட்ஸ்-கெட் என்ற ஒரு கட்டளை. டிரைவர் கொடுக்க வேண்டியது மூன்றே ஃபங்ஷன்: ஒரு ஆர்எக்ஸ் க்யூவின் கணக்கு, ஒரு டிஎக்ஸ் க்யூவின் கணக்கு, அப்புறம் "பேஸ்". அந்த பேஸ்தான் முன் இருப்பு. முழு டிவைஸின் எண்ணைக் கேட்டால் கர்னல் முதலில் பேஸை வாங்கி, அதன்மேல் ஒவ்வொரு க்யூவையும் தானே கூட்டிக்கொள்ளும். நெட்வொர்க் ஸ்டாக்கின் கண்ணுக்குத் தெரியாத க்யூக்கள், உதாரணமாக எக்ஸ்டிபி (பாக்கெட்டை ஸ்டாக்குக்கு முன்பே டிரைவரில் கையாளும் வசதி) திருப்பி அனுப்புவதற்கென்று டிரைவர் தனியாக வைத்திருப்பவை, அவற்றின் பாக்கெட்டுகளையும் பேஸிலேயே போடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பூஜ்யத்தை நடத்தும் விதம். டிரைவரிடம் ஸ்ட்ரக்டைக் கொடுக்கும் முன் கர்னல் எல்லா பிட்டையும் 1 ஆக்கி நிரப்பிவிடும். நீங்கள் எண்ணாத கவுண்டரைத் தொடாமல் விட்டால் அது வெளியே போகவே போகாது. ஈத்டூல் -எஸ் காலத்தில் நாம் எல்லோரும் செய்தது என்ன? ஹார்டுவேர் ட்ராப்பை எண்ண வழியில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். பார்ப்பவர் "ஒரு ட்ராப்கூட இல்லை" என்று நிம்மதியாகத் தூங்குவார். பேஸில் மட்டும் பூஜ்யம் எழுதுவதற்குத் தனி அர்த்தம் உண்டு: "இந்தக் கவுண்டருக்கு டிவைஸ் முழுவதற்கும் சரியான மொத்தம் என்னால் தர முடியும், நீ கூட்டிக்கொள்" என்ற உறுதிமொழி அது. பேஸில் தொடாத கவுண்டர், க்யூக்களில் இருந்தாலும், டிவைஸ் மொத்தத்தில் வராது.

பெயர் விஷயம்: அவரவர் இஷ்டம்தான், அதுதான் நோயே. இன்டெலின் ஐஎக்ஸ்ஜிபிஇ உங்களைப் போல டிஎக்ஸ்_க்யூ_0_பாக்கெட்ஸ் என்கிறது. அதே இன்டெலின் ஐ40இ டிஎக்ஸ்-0.பாக்கெட்ஸ் என்கிறது. மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 ஆர்எக்ஸ்0_பாக்கெட்ஸ். அமேசானின் இஎன்ஏ க்யூ_0_டிஎக்ஸ்_சிஎன்டி. பிராட்காமின் பிஎன்எக்ஸ்டி எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டு முன்னால் வைக்கிறது. பெயருக்கு 32 பைட்தான் இடம், அதற்குள் க்யூ எண்ணையும் திசையையும் அர்த்தத்தையும் திணிக்க வேண்டும், படிப்பவர் ரெகெக்ஸ் எழுதிப் பிரிக்க வேண்டும். புது இன்டர்ஃபேஸில் க்யூ எண் ஒரு தனிப் புலம், வகை ஒரு தனிப் புலம், கவுண்டர் ஒரு தனிப் புலம். உங்கள் மானிட்டரிங் குழுவோடு சண்டையே வராது.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

ரிங்பஃபர் சொன்னது சரி, ஆனால் இவ்வளவு வேண்டாம் என்று நினைக்கிறேன். நோயின் மூலம் ஒன்றுதான்: கவுண்டரை ரிங் ஸ்ட்ரக்டுக்குள் வைத்தது. ரிங் செத்தால் கவுண்டரும் சாகிறது. டிவைஸின் பிரைவேட் ஸ்ட்ரக்டில் அதிகபட்சம் 8 க்யூவுக்கும் கவுண்டர் வரிசையை ஒருமுறை ஒதுக்குங்கள், மாட்யூலைக் கழற்றும்வரை விடுவிக்காதீர்கள். ரிங்குக்குள் அதற்கு ஒரு பாயின்டர் போதும். மொத்தம் கேட்டால் எப்போதும் 8-ஐயும் கூட்டுங்கள், இயங்குவது 4 ஆனாலும். எம்எல்எக்ஸ்5 செய்வதும் இதே மாதிரிதான், சேனலை மூடினாலும் அதன் ஸ்டாட்ஸ் நினைவகம் அப்படியே கிடக்கும்.

முன் இருப்புக்கு மாற்றுவது என்றால் எழுதும்போது எளிதாக இருக்கும், ஓடும்போது கழுத்தறுக்கும். க்யூவின் எண்ணை பேஸில் சேர்த்துவிட்டு ரிங்கை எடுப்பதற்குள் யாராவது மொத்தம் கேட்டால் இரட்டைக் கணக்கு. ரிங்கை எடுத்துவிட்டுச் சேர்த்தால் ஒரு கணம் பள்ளம். மொத்தம் கேட்கும் அந்தப் பழைய ஃபங்ஷன் ஆர்டிஎன்எல் லாக் (நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களை ஒவ்வொன்றாக நடத்தும் பூட்டு) இல்லாமல், படிப்பவரைத் தடுக்காத வெறும் ஆர்சியு பாதுகாப்பில்கூட ஓடும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பள்ளம் போதும், மறுபடி தென்னை மரம்.

---

ரிங்பஃபர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், நினைவகத்தை நிரந்தரமாக வைப்பதுதான் மேல். ஆனால் க்யூவுக்கு வெளியே காட்டும் எண்ணை என்ன செய்வீர்கள்? 4-இல் ஒரு வாரம் ஓடிய பிறகு 8 ஆக்கினால், க்யூ 0 முதல் 3 வரை ஒரு வார எண்ணோடு நிற்கும், 4 முதல் 7 வரை பழைய மிச்சத்தோடு நிற்கும். பார்ப்பவர் ஆர்எஸ்எஸ் (ட்ராஃபிக்கைக் க்யூக்களுக்குப் பங்கிடும் ஏற்பாடு) சரியாகப் பிரிக்கவில்லை என்று முடிவு கட்டுவார். க்யூ எண்ணிக்கை மாறும்போது க்யூ கணக்கை மறுபடி தொடங்கச் சொல்லித்தான் க்யூ ஸ்டாட்ஸ் இன்டர்ஃபேஸின் ஹெடர் ஃபைலில் உள்ள கமென்டும் ஊக்குவிக்கிறது, காரணத்தோடு: க்யூ அளவில் எண் கேட்பவரின் முக்கியத் தேவை ட்ராஃபிக் சமமாகப் பிரிகிறதா என்று பார்ப்பது.

இரண்டையும் சேர்க்க ஒரு வழி உண்டு. உண்மையான கவுண்டரைத் தொடவே வேண்டாம், அது எப்போதும் ஏறட்டும். க்யூ எண்ணிக்கை மாறும்போது 8 கவுண்டர்களின் அப்போதைய மதிப்பை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். க்யூ கேட்டால் இப்போதைய மதிப்பில் ஸ்னாப்ஷாட்டைக் கழித்துக் கொடுங்கள். பேஸ் கேட்டால் 8 ஸ்னாப்ஷாட்டையும் கூட்டிக் கொடுங்கள். பழைய ஐபி -எஸ் லிங்க் ஸ்னாப்ஷாட் பக்கமே போகாது, நேராகக் கவுண்டர்களைக் கூட்டும். எங்கும் எதையும் இடம் மாற்றவில்லை, அதனால் இரட்டைக் கணக்கும் இல்லை, பள்ளமும் இல்லை. பேஸையும் க்யூக்களையும் கர்னல் நடுவில் லாக்கை விடாமல் ஒரே மூச்சில் கேட்கும், ஸ்னாப்ஷாட் பாதியில் மாறாது.

---

பாதி_பைட் எழுதியது:

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் இரண்டு மாதம் தொலைத்திருக்கிறேன். கவுண்டரை எப்படி எழுதுகிறீர்கள், எப்படிப் படிக்கிறீர்கள்?

64 பிட் எண்ணை 32 பிட் ப்ராசஸர் இரண்டு தடவையாகப் படிக்கும். மேல் பாதியைப் படித்து முடிக்கவும் கீழ்ப் பாதி நிரம்பி வழிந்து பூஜ்யமாகவும் சரியாக இருந்தால், சுமார் 400 கோடி குறைந்த ஓர் எண் கையில் வரும். அதற்காகத்தான் யு64 ஸ்டாட்ஸ் சிங்க் என்ற ஏற்பாடு. எழுதுபவர் முன்னும் பின்னும் ஒரு வரிசை எண்ணை ஏற்றுவார், படிப்பவர் வரிசை எண் நடுவில் மாறியிருந்தால் மறுபடி படிப்பார். 64 பிட் கர்னலில் இந்த வரிசை எண்ணே இருக்காது, அங்கே செலவும் இல்லை. நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் லேப்டாப்பில் எந்தத் தவறும் தெரியாது என்பதும் அதனால்தான்.

நான் செய்த தவறு இது. திரும்பப் படிக்கும் லூப்புக்குள்ளேயே மொத்தத்தில் கூட்டிவிட்டேன். ஒருமுறை மறுபடி படிக்க நேர்ந்தால் அந்த க்யூவின் எண் இரண்டு தடவை சேர்ந்துவிடும். லூப்புக்குள் லோக்கல் வேரியபிளில் படிப்பது மட்டும்தான் நடக்க வேண்டும், கூட்டல் வெளியே. 64 பிட் எக்ஸ்86 மெஷினில் ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளர் ஒருவர் 32 பிட் ஆர்ம் போர்டில் போட்டார், இரவில் மட்டும் எப்போதாவது மொத்தம் துள்ளியது. நாங்கள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம், சுவிட்சைச் சந்தேகப்பட்டோம், கேபிளைக்கூட மாற்றச் சொன்னோம்.

அதைவிட மோசமானது, ஒரே வரிசை எண்ணை இரண்டு பேர் எழுதுவது. டிஎக்ஸ் பக்கம் அனுப்பும் பாதை ஒரு சிபியுவில், முடிந்ததைச் சுத்தம் செய்யும் நேப்பி (கர்னலின் போலிங் முறை) இன்னொரு சிபியுவில். இரண்டும் ஒரே சிங்கைத் தொட்டால் வரிசை எண் கெட்டு ஒற்றைப்படையிலேயே நின்றுவிடலாம், படிப்பவர் லூப்பிலேயே சுற்றிக்கொண்டிருப்பார், மெஷின் தொங்கும். அதனால் ஒரு சிங்குக்கு ஒரே எழுத்தர். ஆர்எக்ஸுக்குத் தனி, டிஎக்ஸ் அனுப்புவதற்குத் தனி, முடிப்பதற்குத் தனி. இவற்றைத் தனித்தனி 64 பைட் கேஷ்லைன்களிலும் (ப்ராசஸர் நினைவகத்தை எடுக்கும் துண்டு) பிரித்து வையுங்கள். ஒரே கேஷ்லைனில் இரண்டு சிபியு எழுதினால் அது இரண்டுக்கும் நடுவில் பந்து போல உருண்டுகொண்டே இருக்கும், வேகம் போகும்.

மேக் ரெஜிஸ்டர் யோசனை பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் கேட்கும் பழைய ஃபங்ஷனில் தூங்கக் கூடாது. ரெஜிஸ்டரை நேராகப் படிக்க முடிந்தால் சமாளிக்கலாம், ஃபர்ம்வேருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய கார்டு என்றால் அங்கே அது நடக்காத காரியம். பின்னணியில் ஒரு வொர்க் ஓடவிட்டு, சேமித்த மதிப்பைக் கொடுப்பார்கள். கார்டே எண்களை அவ்வப்போது மெமரியில் டிஎம்ஏ செய்கிற (தானே நேராக எழுதுகிற) வகை என்றால், அந்த இடைவெளியை மாற்ற ஈத்டூல் -சி-யில் ஸ்டாட்ஸ்-பிளாக்-யூசெக்ஸ் என்று ஓர் அமைப்பே உண்டு.

---

எட்டாம்_க்யூ எழுதியது:

அடேங்கப்பா, மூவருக்கும் நன்றி. பாதி_பைட், உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் நிரலைத் திறந்து பார்த்தேன். லூப்புக்குள் கூட்டல். சத்தியமாக அதே தவறு. எங்கள் ஆட்கள் யாரும் 32 பிட்டில் இதுவரை போடவில்லை என்பதால் தப்பித்தேன்.

கவுண்டர்களை ரிங்கிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன், ஸ்னாப்ஷாட் வேலையும் முடிந்தது. 8, 4, 8, 1, 8 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன், க்யூஸ்டாட்ஸ் மொத்தம் ஏறிக்கொண்டே போகிறது. க்யூ அளவில் பார்க்க ஸ்கோப் என்ற இடத்தில் க்யூ என்று கொடுக்க வேண்டும் என்று தெரியாமல், "ஏன் ஒரே ஒரு வரி வருகிறது" என்று அரைமணி நேரம் முழித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. எங்கள் கார்டில் ஹார்டுவேர் ட்ராப் கவுண்டர் ஒன்றே ஒன்று, எல்லா க்யூவுக்கும் பொதுவானது. 8-ஆல் வகுத்துக் கொடுக்கட்டுமா? அப்புறம், ஈத்டூல் -எஸ்-இல் இருக்கும் பழைய க்யூ பெயர்களை வைத்துக்கொள்ளலாமா?

---

ரிங்பஃபர் எழுதியது:

வகுக்கவே வகுக்காதீர்கள்! க்யூ 3-இல் மட்டும் டிஸ்கிரிப்டர் (ரிங்கில் ஒரு பஃபருக்கான பதிவு) தீர்ந்து பாக்கெட் விழுந்துகொண்டிருக்கும், உங்கள் எண்ணோ எட்டிலும் சமமாக விழுவதாகக் காட்டும். கண்டுபிடிக்க உதவ வேண்டிய எண்ணே கண்ணைக் கட்டிவிடும். க்யூ ஃபங்ஷனில் அந்தக் கவுண்டரைத் தொடாமல் விடுங்கள், பேஸில் மட்டும் முழு எண்ணையும் போடுங்கள். டிவைஸ் அளவில் வரும், க்யூ அளவில் வராது, அதுதான் உண்மை நிலவரமும்.

கூடவே ஒன்று: பஃபர் ஒதுக்க முடியாமல் போனதை ஹார்டுவேர் ட்ராப்பில் சேர்க்காதீர்கள். அதற்கு ஆர்எக்ஸ்-அலாக்-ஃபெயில் என்று தனிக் கவுண்டர் இருக்கிறது. ஒதுக்கீடு தவறியதால் பாக்கெட் விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம், ரிங்கில் இன்னும் பஃபர் மிச்சம் இருந்தால் அடுத்த சுற்றில் நிரப்பிவிடுவீர்கள். டிஎக்ஸ் பக்கம் க்யூவை நிறுத்தியது, எழுப்பியது என்று இரண்டு கவுண்டர் உண்டு, அவற்றையும் கொடுங்கள். "அனுப்புவது தொங்குகிறது" என்று யாராவது புகார் சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியவை அவைதான்: நிறுத்தியது ஒன்று கூடுதலாக இருந்து, அப்படியே அசையாமல் நின்றால், க்யூ எழுந்திருக்கவே இல்லை.

ஈத்டூல் -எஸ்-இல் இருந்து பாக்கெட், பைட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒரே எண்ணை இரண்டு வாசலில் விற்றால் மெயின்லைன் பரிசீலனையில் கேட்பார்கள். அதோடு அங்கே எத்தனை எண், என்னென்ன பெயர், என்ன மதிப்பு என்பது மூன்று தனித்தனி அழைப்பு, நடுவில் க்யூ எண்ணிக்கை மாறினால் பெயரும் மதிப்பும் வேறு வேறு வரிசையில் போய் நிற்கும். உங்கள் கார்டுக்கே உரிய விசித்திரங்கள், எஃப்பிஜிஏ ஃபிஃபோ நிரம்பியது மாதிரி விஷயங்கள், அவை மட்டும் அங்கே இருக்கட்டும். அதற்குத்தான் அந்த இடம்.

---

எட்டாம்_க்யூ எழுதியது:

கடைசியாக ஒரு தொல்லை, அப்புறம் விட்டுவிடுகிறேன். கர்னலோடு வரும் செல்ஃப்டெஸ்டில், டிரைவர்ஸ் நெட் பகுதியில், ஸ்டாட்ஸ் டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, க்யூஸ்டாட்ஸையும் ஐபி -எஸ் லிங்க் எண்ணையும் ஒப்பிடுவது. பாக்கெட் பொருந்துகிறது, பைட் பொருந்தவில்லை. ஆர்எக்ஸ் பக்கம் லிங்க் எண் எப்போதும் கூடுதல். மேனேஜர் பேச்சைக் கேட்டு லிங்க் மொத்தத்தை மட்டும் மேக் ரெஜிஸ்டரிலிருந்து எடுத்திருந்தேன், அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

---

பாதி_பைட் எழுதியது:

வித்தியாசத்தைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

---

எட்டாம்_க்யூ எழுதியது:

சரியாக 4.

---

பாதி_பைட் எழுதியது:

எஃப்சிஎஸ். ஃபிரேமின் வாலில் வரும் செக்சம், 4 பைட். மேக் அதையும் எண்ணுகிறது, லிங்க் ஸ்டாட்ஸில் அது இல்லாமல் எண்ண வேண்டும் என்பது விதி. கழித்துக் கொடுத்தும் ஒப்பேற்றலாம், ஆனால் ரிங்கை எட்டுவதற்கு முன்பே விழுந்த பாக்கெட்டுகளையும் மேக் வந்ததாகத்தான் எண்ணும், லோடு ஏற்றினால் பாக்கெட் எண்ணும் விலகும். ரெஜிஸ்டரை விட்டுவிட்டு 8 கவுண்டர்களைக் கூட்டுங்கள்.

---

எட்டாம்_க்யூ எழுதியது:

மாற்றிவிட்டேன், டெஸ்ட் பாஸ். மேனேஜரிடம் 4 பைட் கதையைச் சொன்னேன். "அப்படியானால் ரெஜிஸ்டரில்தான் பக்" என்று ஹார்டுவேர் குழுவுக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டார். அதை மூடும் வேலையும் இப்போது என் தலையில்.